காட்டுக்கு மேலே எவ்வளவு உயரம்?

ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்பது அங்கு வாழும் எங்களுக்கே பல நேரம் மறந்துவிடும். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதும், கல்லணை அருகே இரண்டும் மீண்டும் நெருங்கி வருவதும், இடையே நீண்டு கிடக்கும் பசிய நிலத்தில் ஏழு பிராகாரங்களோடு கோயில் அமைந்திருப்பதும் தரையில் நிற்பவருக்கு ஒரே காட்சியாகக் கிடைப்பதில்லை. மலைக்கோட்டை உச்சியில் ஏறினால் பாதி தெரியும். திருச்சியிலிருந்து சென்னைக்குப் புறப்படும் விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்து, வானமும் தெளிவாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் முழுவதும் விளங்கிவிடும். மேலிருந்து பார்ப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் அறிவு என்று ஒன்று உண்டு. எனவே, காட்டையும் வன விலங்குகளையும் வானிலிருந்து காண விரும்புவோரின் ஆசையை நான் குறைகூற மாட்டேன். அந்த ஆசைக்கான செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதே என் கேள்வி.

இது வெளிநாட்டுப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் காலம் கடந்துவிட்டது. கென்யாவின் மசாய் மாராவில் வெப்பக்காற்று பலூனில் ஏறி விலங்குகளைக் காண்பது 1970-களிலேயே தொடங்கியது. 2020 டிசம்பரில் மத்தியப் பிரதேசம் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தின் வெளிமண்டலத்தில் பலூன் சவாரியைத் தொடங்கியது. நம் பொள்ளாச்சியில் 2015 முதல் பலூன் திருவிழா நடக்கிறது. ஆனைமலைப் புலிகள் காப்பகம் அங்கிருந்து தொலைவில் இல்லை. 2023-இல் வெளியான தமிழ்நாட்டுச் சுற்றுலாக் கொள்கை சாகசச் சுற்றுலாவுக்கும் சூழல் சுற்றுலாவுக்கும் முன்னுரிமை அளிக்கிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் ஹெலிகாப்டர் நிற்கும்.

அப்படித்தான் நின்றது. 2023 மே மாதம் உதகை கோடை விழாவையொட்டி, சுற்றுலாப் பயணிகளை ஹெலிகாப்டரில் ஏற்றி நீலகிரியைச் சுற்றிக் காட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இரைச்சலால் வன உயிரினங்கள் பாதிக்கப்படும் என்று வழக்குத் தொடரப்பட, சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அத்துடன் செய்தி முடிந்துவிட்டது, கேள்வி முடியவில்லை. தடை என்பது ஒரு விழாவுக்கான விடை. அடுத்த நிறுவனம் வேறொரு மலைக்கு, வேறொரு பருவத்தில் விண்ணப்பிக்கும்போது அதை எந்த அளவுகோலால் அளப்பது?

சட்டம் இந்த இடத்தில் சுருக்கமாகப் பேசுகிறது. சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் ஆகியவற்றைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலங்களை அறிவிக்கும் மத்திய அரசின் அறிவிக்கைகளில் ஓர் அட்டவணை இருக்கும். தடை செய்யப்பட்டவை, ஒழுங்குபடுத்தப்பட வேண்டியவை, ஊக்குவிக்கப்பட வேண்டியவை என அதில் மூன்று பிரிவுகள். பலூன், ஹெலிகாப்டர், டிரோன் போன்றவற்றில் சுற்றுலாவுக்காக அம்மண்டலத்தின் மேல் பறப்பது இரண்டாவது பிரிவில் வருகிறது. தடை இல்லை, ஒழுங்குமுறை வேண்டும். ஆனால் எத்தனை மீட்டர் உயரத்தில், ஒரு நாளைக்கு எத்தனை முறை, எந்த மாதங்களில் என்ற கேள்விகளுக்கு அந்த ஒரு வரியில் விடை இல்லை.

விடை தேடுவதற்கு முன், கீழே இருக்கும் உயிர்களுக்கு மேலே பறப்பது எதுவாகத் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். முற்றத்தில் பருந்தின் நிழல் படிந்ததும் தாய்க்கோழி குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொள்வதைக் கிராமத்தில் பார்க்காதவர் இருக்க முடியாது. மேலிருந்து வருவது ஆபத்து என்பது பறவைகளுக்கும் பல விலங்குகளுக்கும் உடலிலேயே பதிந்த பாடம். நியூசிலாந்தின் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்பு விதிகள், திமிங்கிலங்களின் மேல் விமானத்தின் நிழல் நேராக விழுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன. அந்த விதியை எழுதியவர் கோழி வளர்த்தவராக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

நிழலோடு இரைச்சலும் சேரும்போது நிலைமை மோசமாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் மலையாடுகளின் மேல் ஹெலிகாப்டர்கள் ஏற்படுத்தும் விளைவை 1990-களில் ஆராய்ந்தார்கள். 500 மீட்டருக்குள் ஹெலிகாப்டர் வந்தபோது ஆடுகள் பெரும்பாலும் 100 மீட்டருக்கு மேல் ஓடின. கூட்டங்கள் சிதறின. ஆடுகள் இருக்கும் இடத்திலிருந்து 2 கிலோமீட்டருக்குள் பறக்க வேண்டாம் என்று அந்த ஆய்வு பரிந்துரைத்தது. நம் நீலகிரி வரையாடும் செங்குத்துப் பாறைகளில் வாழும் விலங்குதான். 2024-இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதிலும் இருந்தவை 1,031 மட்டுமே என மதிப்பிடப்பட்டது. பாறை விளிம்பில் குட்டியோடு நிற்கும் விலங்கு மிரண்டு ஓடுவது, சமவெளியில் மான் ஓடுவதைப் போன்றதன்று.

நீர்ப்பறவைகளின் கணக்கு வேறு. வலசை வரும் பறவைக்குக் குளிர்காலம் சேமிப்புக் காலம். தின்று கொழுப்பைச் சேர்த்தால்தான் பல ஆயிரம் கிலோமீட்டர் திரும்பிப் பறக்க முடியும். ஒவ்வொரு முறை மிரண்டு எழும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு பகுதி செலவாகிறது. மேய்ச்சல் நேரமும் குறைகிறது. அன்று மாலை இறந்து விழுந்த பறவை எதுவும் இருக்காது. ஆகவே பாதிப்பே இல்லை என்று அறிக்கை எழுதிவிடலாம்.

ஆபத்து ஒருவழிப் பாதையும் அன்று. ஜெர்மானிய விலங்கியல் அறிஞர் பெர்னார்ட் கிரிசிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் 1950-களின் பிற்பகுதியில், வரிக்குதிரையைப் போல் வண்ணம் பூசிய சிறு விமானத்தில் செரெங்கெட்டியின் மேல் பறந்து விலங்குகளை எண்ணினார்கள். மந்தைகள் இடம்பெயரும் பாதைகளைக் கண்டறிந்து, பூங்காவின் புதிய எல்லைக்கோடு அவற்றை வெளியே விட்டுவிடுகிறது என்று உலகுக்குச் சொன்னார்கள். காட்டின் மேல் பறப்பதற்கு இதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது. 1959 ஜனவரி 10 அன்று மைக்கேலின் விமானம் ஒரு பிணந்தின்னிக் கழுகின் மேல் மோதி விழுந்தது; அவர் உயிரிழந்தார்.

இந்த நிகழ்வை நீலகிரியோடு சேர்த்துப் பார்க்கக் காரணம் உண்டு. மாயாறு பள்ளத்தாக்கில் ஆற்றோர நீர்மருது மரங்களில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறுகள், தென்னிந்தியாவில் எஞ்சியிருக்கும் மிகச் சில கூட்டங்களுள் முக்கியமானவை. கால்நடைகளுக்குத் தந்த டைக்ளோஃபெனாக் மருந்தால் நாடு முழுவதும் பாறுகள் அழிந்து, 2006-இல் அம்மருந்து தடை செய்யப்பட்ட பின் மெல்ல மீள முயலும் இனம் இது. ஓர் இணை ஆண்டுக்கு இடுவது ஒரே முட்டை. வெயில் ஏறியதும் இவை வெப்பக் காற்றில் வட்டமிட்டு மேலெழும். சுற்றுலா ஹெலிகாப்டர் பறக்க விரும்பும் நேரமும் அதுவே. நீலகிரியின் வானிலை பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி உள்ளிட்டோர் பயணித்த ராணுவ ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்ததற்கு, பள்ளத்தாக்கின் வானிலை எதிர்பாராமல் மாறி அது மேகத்துக்குள் நுழைந்ததே காரணம் என்றது முப்படை விசாரணை.

சரி, எவ்வளவு உயரம் போதும்? ஒன்றோடொன்று தொடர்பில்லாத இடங்களில் ஏறத்தாழ ஒரே எண் வருவது எனக்கு வியப்பாக இருந்தது. அண்டார்டிகாவில் பென்குவின் முதலான பறவைகள் திரளும் இடங்களின் மேல் 610 மீட்டருக்குக் கீழே பறக்கக் கூடாது என்கிறது அண்டார்டிக் உடன்படிக்கை நாடுகளின் 2004-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தேசியப் பூங்காக்கள், வன உயிரினப் புகலிடங்கள் ஆகியவற்றின் மேல் விமானிகளைக் கேட்டுக்கொள்ளும் உயரம் 2,000 அடி. அதுவும் 610 மீட்டர்தான். கேதார்நாத் வன உயிரினச் சரணாலயத்தின் மேல் செல்லும் ஹெலிகாப்டர்களுக்குச் சொல்லப்பட்ட உயரம் 600 மீட்டர்.

ஆனால் மலைநாட்டில் இந்த எண் பாதி உண்மையே. பள்ளத்தாக்கின் அடித்தளத்திலிருந்து 600 மீட்டர் மேலே பறக்கும் ஹெலிகாப்டர், பக்கத்துப் பாறை விளிம்பில் நிற்கும் வரையாட்டின் முகத்துக்கு நேராகப் பறக்கலாம். செங்குத்து உயரத்தோடு பக்கவாட்டுத் தொலைவையும் விதியில் எழுதாவிட்டால், மலைப்பகுதியில் அந்த விதிக்குப் பொருளில்லை.

இனி நான் கற்பித்த பாடத்துக்கு வருகிறேன். வான்வழி விலங்குக் காட்சியில் விற்கப்படும் பண்டம் எது? பறத்தல் அன்று, நெருக்கம். யானைக் கூட்டத்தைச் சிறு புள்ளிகளாகக் காட்டும் நிறுவனத்தையும், யானையின் காது அசைவதைக் காட்டும் நிறுவனத்தையும் ஒரே கட்டணத்துக்கு அருகருகே வைத்தால் பயணி எதைத் தேர்ந்தெடுப்பார்? முதல் நிறுவனம் நேர்மையாக 600 மீட்டரில் பறக்கிறது. இரண்டாவது 400-க்கு இறங்குகிறது. ஒரு பருவத்துக்குள் முதல் நிறுவனமும் 400-க்கு இறங்கும், அல்லது கடையை மூடும். வேறு சந்தைகளில் போட்டி விலையை இறக்கும். இந்தச் சந்தையில் அது உயரத்தை இறக்கும். இதற்கு யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

பயணியாலும் இதைத் திருத்த முடியாது. பழைய கார் வாங்குபவருக்கு அதன் குறை தெரியாது, விற்பவருக்குத் தெரியும். அதனால் நல்ல கார்களே சந்தையிலிருந்து வெளியேறுகின்றன என்று 1970-இல் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் எழுதினார். பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார். ஹெலிகாப்டரில் அமர்ந்திருப்பவருக்கு 450 மீட்டருக்கும் 600 மீட்டருக்கும் வேறுபாடு தெரியாது. ‘சூழலுக்கு உகந்த பயணம்’ என்ற சொற்றொடரை விளம்பரத்தில் அச்சிடுவதற்கு எந்தச் செலவும் இல்லை.

கேதார்நாத்தில் இதைக் கண்ணால் காணலாம். கஸ்தூரி மான் வாழும் 975 சதுர கிலோமீட்டர் சரணாலயத்தின் வழியே யாத்திரைக் காலத்தில் நாள்தோறும் ஹெலிகாப்டர்கள் போய்வருகின்றன. அங்கே விற்பது நெருக்கம் அன்று, வேகம். ஆனால் விளைவு ஒன்றே. மேலேறி இறங்குவதற்கு எரிபொருளும் நேரமும் ஆகும். தாழப் பறந்தால் ஒரு நாளில் இன்னும் சில நடைகள் போகலாம். இந்திய வன உயிரின நிறுவனத்தின் பரிந்துரையும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தலையீடும் இருந்தும், 600 மீட்டர் விதி மீறப்படுவதை வனத்துறையே பலமுறை பதிவு செய்தது. மனித உயிர்களுக்கும் இந்த அவசரம் பாதுகாப்பாக அமையவில்லை. 2022 அக்டோபரில் நடந்த விபத்தில் 7 பேரும், 2025 ஜூன் 15 விபத்தில் 7 பேரும் உயிரிழந்தனர்.

அமெரிக்கா வேறொரு பாடத்தைத் தருகிறது. 1986-இல் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேல் சுற்றுலா விமானமும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி 25 பேர் இறந்தபின், அங்கே இயற்கையின் அமைதியை மீட்க வேண்டும் என்று 1987-இல் சட்டம் வந்தது. 2000-ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம், தேசியப் பூங்காக்களில் வான்வழிச் சுற்றுலாவுக்கு மேலாண்மைத் திட்டம் வகுக்கக் கூறியது. அதுவரை ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த நிறுவனங்கள் இடைக்கால அனுமதியில் தொடரலாம் என்றார்கள். இடைக்காலம் எத்தனை நாள் நீடித்தது? பெரும்பாலான பூங்காக்களுக்கு 20 ஆண்டுகள் கழித்தும் திட்டம் வரவில்லை. 2020-இல் நீதிமன்றம் காலக்கெடு கேட்டு உத்தரவிட வேண்டியதாயிற்று. முதலில் அனுமதி, பிறகு விதி என்று தொடங்கினால், அனுமதி பெற்றவருக்கு விதி வராமல் இருப்பதே லாபம்.

ஆகவே வரிசை முக்கியம். முதல் ஹெலிகாப்டர் எழும்பும் முன்பே விதி இருக்க வேண்டும். அந்த விதி கட்டணமாகவோ வரியாகவோ இருப்பதைவிட எண்ணிக்கை வரம்பாக இருப்பதே நல்லது என்பது என் கருத்து. எல்லை தாண்டினால் சேதம் சட்டெனப் பெருகும் இடங்களில் விலையைவிட அளவைக் கட்டுப்படுத்துவதே பொருந்தும் என்று 1974-இல் மார்ட்டின் வைட்ஸ்மன் நிறுவினார். ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவையின் விஷயத்தில், கூடுதல் வரி செலுத்திவிட்டுக் கூடுதலாகப் பறக்கலாம் என்பது விபரீதம். நாளுக்கு இத்தனை நடை, வாரத்தில் இத்தனை நாள் ஓய்வு, இனப்பெருக்க மாதங்களில் முழு நிறுத்தம் என்று முதலில் வரையறுத்து, எஞ்சிய நடைகளை ஏலம் விடலாம்.

அடுத்தது பதிவு. ஒவ்வொரு பயணத்தின் பாதையையும் உயரத்தையும் நொடிக்கு நொடி பதிவு செய்யும் கருவிகள் இன்று மலிவானவை. அப்பதிவு நிறுவனத்தின் அலமாரியில் இருந்தால் பயனில்லை. அன்று மாலையே வனத்துறைக்குச் செல்ல வேண்டும்; எவரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியாக வேண்டும். 600 மீட்டரைக் காக்கும் நிறுவனம் அதைக் காட்டி விளம்பரம் செய்துகொள்ள முடிந்தால், ஆக்கர்லாஃப் சொன்ன சிக்கலில் பாதி தீரும். விமானியின் ஊதியம் நடைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து இருக்கக் கூடாது. ‘விலங்கு தெரியாவிட்டால் கட்டணம் திருப்பித் தரப்படும்’ என்ற வாக்குறுதி உரிமத்தை ரத்து செய்யப் போதுமான குற்றமாகக் கருதப்பட வேண்டும். விமானியைக் கீழே இறக்கும் கயிறு அது.

கரியமில வாயு பற்றிப் பலர் கேட்பார்கள். ஐந்தாறு பேர் ஏறும் ஹெலிகாப்டர் மணிக்கு 150 லிட்டருக்கு மேல் எரிபொருள் குடிக்கும். பத்து நிமிடச் சவாரிக்கு 25 லிட்டராவது ஆகும். ஒப்புக்கொள்ள வேண்டிய செலவுதான். ஆனாலும் இந்த வணிகத்தில் முதன்மைச் சிக்கல் அது அன்று. நாலு மரக்கன்று நட்டுக் கணக்கை நேர்செய்ததாக அறிவிக்க நிறுவனங்களுக்கு அது வசதியான தலைப்பு என்பதால், நான் அதைப் பின்னால் வைக்கிறேன்.

பலூன் அமைதியானது, எனவே குற்றமற்றது என்ற எண்ணமும் உண்டு. பலூனில் சுழலும் இறக்கை இல்லை. ஆனால் எரிவாயு அடுப்பு விட்டுவிட்டுச் சீறும். அது விலங்குகள் நடமாடும் விடியற்காலையில் பறக்கும். முக்கியமாக, அதற்குத் திசைமாற்றி கிடையாது. ஏறி இறங்கி, வெவ்வேறு உயரத்துக் காற்றைத் தேடிப் போவதே அதன் ஓட்டுநரால் ஆவது. 2025 ஜனவரியில் பொள்ளாச்சியில் எழும்பிய பலூன் ஒன்று காற்றின் போக்கில் கேரள எல்லையைத் தாண்டி, பாலக்காடு மாவட்டத்தில் ஒரு நெல்வயலில் இறங்கியது. வயலாக இருந்ததால் அது சுவையான செய்தியாக முடிந்தது.

அந்த வயல் யாருடையது என்பதை எவரும் பெரிதாகக் கேட்கவில்லை. சமூகப் பொறுப்பு என்ற பகுதி பெரும்பாலும் இப்படித்தான் விடுபடுகிறது. பறப்பவர் பத்து நிமிடம் பறக்கிறார். கீழே இருப்பவர் அன்றைய நடைகள் அத்தனையையும் கேட்கிறார். மிரண்ட யானைக் கூட்டம் காட்டுக்குள்ளேதான் ஓட வேண்டும் என்ற கட்டாயமில்லை. தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் ஊருக்குள்ளும் ஓடலாம். அப்போது அதன் எதிரே நிற்பவர் பயணச்சீட்டு வாங்கியவர் அல்லர். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டையும் வன உயிரினங்களையும் பாதுகாக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தந்திருக்கிறது. வான்வழிப் பாதைக்குக் கீழே இருக்கும் கிராம சபைகளின் ஒப்புதலை முன்நிபந்தனையாக்குவது அச்சட்டத்தின் நோக்கத்துக்கு ஏற்றதே.

வருவாய்ப் பங்கீட்டைப் பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கோவை வனக்கோட்டத்தில் பில்லூர் அணை நீர்த்தேக்கத்தை ஒட்டிய பரளிக்காட்டில், வனத்துறையின் ஏற்பாட்டில் இருளர் மக்கள் பரிசல் ஓட்டுகிறார்கள். பெண்கள் சமைத்துப் பரிமாறுகிறார்கள். பயணிகள் தரும் பணத்தின் பயன் அந்த ஊர்களைச் சேர்கிறது. ஹெலிகாப்டருக்கு விமானி, பொறியாளர், எரிபொருள், காப்பீடு அனைத்தும் வெளியிலிருந்து வருகின்றன. உள்ளூர்க்காரருக்குக் கிடைப்பது இறங்குதளத்துக்கு வெளியே ஒரு தேநீர்க்கடை. எனவே ஒவ்வொரு பயணச்சீட்டிலும் ஒரு பங்கு நேரடியாகக் கிராம சபைக் கணக்குக்குப் போக வேண்டும், நிறுவனத்தின் லாபத்திலிருந்து அன்று, வருவாயிலிருந்து. லாபம் என்பது கணக்காளர் விரும்பினால் மறையக்கூடியது.

இத்தனை நிபந்தனைகளுக்குப் பிறகும் தொழில் நடத்த ஒருவர் முன்வந்தால், அவர் விற்க வேண்டியது விலங்கை அன்று, நிலத்தை. 600 மீட்டரிலிருந்து புலியின் வரி தெரியாது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை மேகத்தைத் தடுத்து நிறுத்துவதும், சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்து மடிந்து கிடப்பதும், யானைகள் நடக்கும் வழி எந்த இடத்தில் விடுதிகளால் குறுகுகிறது என்பதும் தெரியும். ஸ்ரீரங்கத்தைத் தீவாகக் காட்டும் அதே பார்வை அது. அதற்குக் கட்டணம் கொடுப்போர் இருப்பார்கள் என்றே நம்புகிறேன். எண்ணிக்கையில் குறைவாக இருப்பார்கள்.

சில இடங்களில் எந்த நிபந்தனையும் போதாது. எங்கள் ஊரிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய தொலைவில், அரியலூர் மாவட்டத்தில், புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக மேட்டூர் நீரைப் பெறும் கரைவெட்டி ஏரி இருக்கிறது. சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள இந்தப் பறவைகள் சரணாலயம் 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டிப் பறக்கும் வரித்தலை வாத்து குளிர்காலத்தில் இங்கு வந்து தங்குகிறது. அவ்வளவு சிறிய நீர்ப்பரப்பின் மேல் ஒரு ஹெலிகாப்டர் வட்டமிட்டால், ஏரியில் இருப்பவை ஒதுங்கிச் செல்ல ஏரிக்குள் இடமில்லை. திருச்சியில் விமான நிலையம் இருக்கிறது, அருகே ராம்சர் ஏரி இருக்கிறது, இரண்டையும் இணைக்கலாமே என்று யாரேனும் திட்டம் கொண்டுவந்தால், நவம்பர் முதல் மார்ச் வரை அனுமதி கூடாது என்பேன். ஏரிக்கரையில் நின்று தொலைநோக்கியில் பார்க்கலாம். ஏப்ரலுக்குப் பிறகு பறந்துகொள்கிறோம் என்று அவர்கள் கேட்கலாம். அப்போது பார்ப்பதற்கு வாத்துகள் இருக்காது.